முள் நாற்பதைத் தாண்டவில்லை

"இந்தக் கேபிளை யாருங்க இப்புடிக் கட்டுனது?"

கேள்வி ஜீப்புக்கு அடியிலிருந்து வந்தது. கேட்டவர் மீட்டர் மணி. வெளியே தெரிந்தது அவருடைய இரண்டு கால்களும் கிரீஸ் படிந்த லுங்கியின் ஓரமும்தான்.

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா என்றால் என் மாமனார். அவர் எதிரே நின்ற டேங்கர் லாரியின் முதுகில் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தார். அதில் இருந்தது ஒரே ஒரு வரி. அதை அவர் வெகுநேரம் படித்தார்.

"நல்லா வெவரம் தெரிஞ்ச ஆளு ஆரோ பண்ணியிருக்காங்க," என்று அடியிலிருந்தே மணி தொடர்ந்தார். "கேபிளை வளையமாச் சுத்தி, கட்டுக் கம்பி போட்டு இறுக்கியிருக்குதுங்க. இப்புடி இருந்தா முள்ளு ஒரு எடத்துல நிக்காது. சாமி வந்த மாதிரி ஆடும்."

"எலியா இருக்குமோ," என்றார் மாமா, லாரியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எலி முடிச்சுப் போடாதுங்க."

நாமக்கல்லில் லாரிப் பட்டறைகள் வரிசையாக இருக்கும் பகுதி அது. ஒரு பக்கம் வெல்டிங் பொறி, இன்னொரு பக்கம் பெயின்ட் வாசனை, நடுவில் ஆளுயரத்துக்கு டயர். வண்டிகளில் வேகம் காட்டும் முள் மீட்டரைப் பழுது பார்ப்பதால் அவருக்கு மீட்டர் மணி என்று பெயர். எலி முடிச்சுப் போடுவதை நினைத்து எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தும்முவது போல் நடித்தேன்.

போன வாரம் என் கல்யாணப் பட்டுச்சேலைக் கதையை இந்தப் பத்திரிகையில் எழுதியதிலிருந்து இளம்பிள்ளைப் பக்கத்து ஒறம்பரைகள், அதாவது சொந்தக்காரர்கள், யாரும் என்னோடு பேசுவதில்லை. பிறந்த வீட்டின் மானத்தை வாங்கியாயிற்று. இந்த வாரம் புகுந்த வீட்டுப் பக்கம் திரும்புவதுதான் நியாயம்.

அடுப்படி மீட்டர்

எங்கள் கோழிப்பண்ணை நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகிற வழியில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. பெரிய லோடை லாரி வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். மோகனூரில் சில மளிகைக் கடைகள், ஒரு மெஸ், ஒரு பேக்கரி. இவற்றுக்கு மட்டும் முட்டை போவது மாமாவின் ஜீப்பில்.

அட்டை அட்டையாக அடுக்கி, நைலான் கயிறு போட்டுக் கட்டி, மேலே ஒரு பழைய ஜமுக்காளத்தை விரித்துவிட்டு மாமா கிளம்புவார். வெள்ளை வேட்டி, கையில் டார்ச். பகலில் எதற்கு டார்ச் என்று நானும் கேட்டதில்லை.

மாமாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கண் நன்றாகத் தெரிகிறது, காது நன்றாகக் கேட்கிறது. கால்தான் கொஞ்சம் துடுக்கு. ஆக்சிலேட்டரைக் கண்டால் அதற்கு நிதானம் போய்விடும்.

கடைக்காரர்கள் கீறல் விட்ட முட்டையை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அது தனி அட்டையில் வீட்டுக்குத் திரும்பி வரும். எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டை முடிவு செய்வது நான் இல்லை, அந்தத் திரும்பி வரும் அட்டைதான்.

மாமா நிதானமாகப் போய் வந்தால் ஒன்றும் உடையாது. அன்றைக்கு ரசம். கொஞ்சம் உற்சாகமாக ஓட்டியிருந்தால் ஆளுக்கொரு ஆம்லெட். வழியில் எவனாவது அவரை முந்திப் போய், இவர் அவனை முந்திப் போயிருந்தால் முட்டைப் பொரியல். குழம்பு வைக்கிற அளவுக்குத் திரும்பி வந்தால், அன்றைக்கு அவர் ஓட்டவில்லை, பறந்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஜீப்பில் இருக்கும் மீட்டர் ஆடிக்கொண்டிருந்த காலத்திலும் என் அடுப்படி மீட்டர் தப்பாகக் காட்டியதே இல்லை. பாத்திரத்தைத் திறக்கும்போதே எனக்கு வேகம் தெரிந்துவிடும். இந்த ரகசியம் எனக்கும் மாமாவுக்கும் மட்டும்தான். பாசத்தில் எல்லாரையும் 'சாமி' என்று அழைக்கிறவர் அவர். கை கழுவிக்கொண்டு வந்து உட்காரும்போது மெல்லக் கேட்பார்.

"இன்னிக்கு என்ன சாமி?"

"பொரியலுங்க மாமா."

"அந்த மினி பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிச்சு வம்புக்கு இழுத்தான் சாமி," என்பார். தலை மட்டும் நிமிராது.

இரண்டாவது கம்பி

ஜீப்பைப் பற்றிச் சொல்லாமல் மேலே போனால் மாமா கோபித்துக்கொள்வார்.

தம்மம்பட்டியில் ஒரு மரவள்ளி வியாபாரியிடம் அவர் வாங்கிய வண்டி அது. அப்போதே அது பழையது. மலையடிவாரத்துக் காடுகளில் கிழங்கு மூட்டை சுமந்து பழகியது. கதவு கிடையாது. மழை பெய்தால் உள்ளே இருப்பவரும் வெளியே இருப்பவரும் ஒன்றுதான். தரையிலிருந்து இரண்டு கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று கியர். இரண்டாவது கம்பியைத் தள்ளினால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்.

அந்த இரண்டாவது கம்பியை முதன்முதலாக நான் பார்த்தது என் கல்யாணத்தன்றுதான்.

இளம்பிள்ளைப் பக்கத்திலிருந்து பொண்ணு மாப்பிள்ளை கார் இங்கே வந்துகொண்டிருந்தது. நல்ல மழை. பண்ணைக்குத் திரும்பும் மண் ரோட்டில், ஓடைக்குப் பக்கத்தில் கார் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. டிரைவர் முறுக்க முறுக்கச் சேறு பறந்து, காரில் ஒட்டியிருந்த பூவெல்லாம் மண்ணாகியது. மாப்பிள்ளை கழுத்தில் மாலையோடு, கண்ணாடியை இறக்கி, "தள்ளுங்க, தள்ளுங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார். இறங்கியிருந்தால் வேட்டி போயிருக்கும் என்று இன்றைக்கும் நியாயம் சொல்கிறார்.

அப்போது மாமா ஜீப்பைப் பின்னோக்கி ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். கயிறு கட்டினார். என்னைப் பார்த்து, "அம்முணி, நீ இந்த வண்டிக்கு வந்துரு. இது உக்காராது," என்றார். முகூர்த்தச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன் சீட்டில் ஏறினேன். அவர் அந்த இரண்டாவது கம்பியைத் தள்ளினார். அடியில் எங்கோ ஒரு சத்தம். ஜீப் முனகிக்கொண்டே நகர்ந்தது. பின்னால் காரும் அதற்குள் மாப்பிள்ளையும் இழுபட்டு வந்தார்கள்.

ஊரே வாசலில் நின்றது. பொண்ணு ஜீப்பில், மாப்பிள்ளை கயிற்றில். அன்றைக்கு மீட்டரைப் பார்த்தது நினைவிருக்கிறது. முள் பத்துக்குப் பக்கத்தில் ஆடாமல் அசையாமல் நின்றது. அன்றிலிருந்து நான் மாமா கட்சி.

பஸ்ஸை முந்தியது யார்?

வில்லங்கம் ஒரு ஒறம்பரை வடிவத்தில் வந்தது. மோகனூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியவர், என் வீட்டுக்காரர் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

"உங்கப்பா வாலிப வயசு மாதிரி ஓட்டறாருங்க மாப்ள. எங்க பஸ்ஸை அப்புடியே தாண்டிப் போனாரு. நாங்கெல்லாம் கையாட்டுனோம். அவரும் ஆட்டுனாரு."

வீட்டுக்காரர் முகம் மாறிவிட்டது. அவர் பெயர் குமரவேல். முட்டை விலை ஏறினாலும் இறங்கினாலும் ஒரே மாதிரி கவலைப்படுகிற மனிதர். ஒறம்பரை போனதும் கேட்டார்.

"ஏனுங்கப்பா, பஸ்ஸைத் தாண்டுனீங்களா?"

"பஸ்ஸு நின்னுட்டு இருந்துச்சு குமாரு."

"நின்ன பஸ்ஸுல இருந்து எதுக்குங்க கையாட்டறாங்க?"

மாமா டார்ச்சை எடுத்து எரித்து அணைத்துப் பார்த்தார்.

"எத்தனை வேகத்துல போனீங்க?"

"அது எப்புடிச் சாமி தெரியும்? முள்ளுதான் ஆடிக்கிட்டே இருக்குதே. ஒரு நேரம் இருவது காட்டுது, ஒரு நேரம் எம்பது காட்டுது. நடுவுல எதையாச்சும் வெச்சுக்க."

வீட்டுக்காரர் எழுந்து போய் ஆணியில் தொங்கிய ஜீப் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மீட்டரைச் சரி பண்ண வேண்டும். சரி பண்ணிய பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். முள் நாற்பதைத் தாண்டினால் சாவி திரும்பி வராது. இதுதான் தீர்ப்பு.

அவர் மேல் தப்புச் சொல்லவும் முடியாது. அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் அது. பயத்தைச் சொல்லத் தெரியாமல் அதட்டலாகச் சொல்லிவிட்டார்.

ஆனால் மாமா அடங்கிப்போய் உட்கார்ந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கொட்டாயில் நான் கோழிக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து நின்றார்.

"அம்முணி, உங்கத்தை போனதுக்கப்பறம் எனக்குன்னு இருக்கற சோலி இது ஒண்ணுதான். மோகனூருக்குப் போனா நாலு பேரு 'வாங்க'ன்னு கூப்புடறாங்க. டீ வாங்கித் தாராங்க. காவேரியில தண்ணி எவ்வளவு போகுதுன்னு பாத்துட்டு வாரேன். சாவி போச்சுன்னா நான் கட்டில்ல உக்காந்து செவுத்தைப் பாக்க வேண்டியதுதான்."

நான் தீவனக் கூடையைக் கீழே வைத்தேன்.

"மொதல்ல மீட்டரைச் சரி பண்ணுவோமுங்க மாமா," என்றேன். பட்டறைக்குப் போய்வர மட்டும் என்று சொல்லி வீட்டுக்காரரிடமிருந்து சாவியை வாங்கினேன்.

சோம்பேறி முள்

அப்படித்தான் நாங்கள் மீட்டர் மணியின் பட்டறையில் நின்றோம். எலி முடிச்சுப் போடாது என்ற உண்மையும் அங்கேதான் வெளியே வந்தது.

மணி கேபிளை அவிழ்த்து வெளியே எடுத்தார். வெற்றிலைச் சாற்றை ஓரமாகத் துப்பிவிட்டு எனக்கு விளக்கினார். சக்கரம் சுற்றினால், கியர் பெட்டிக்குப் பின்னால் ஒரு சின்னப் பல்சக்கரம் சுற்றும். அது கேபிளுக்குள் இருக்கும் கம்பியைச் சுற்றும். கம்பி மேலே போய் முள்ளை ஏற்றும். அவ்வளவுதான் சமாசாரம். கேபிளை நெளித்துக் கட்டினால் கம்பி விட்டு விட்டுச் சுற்றும், முள் கூத்தாடும்.

"எப்பக் கட்டுனீங்க?" என்று மாமாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"போன மாசி மாசம்," என்றார் அதைவிட மெதுவாக. "உம் புருசன் முள்ளைப் பாக்க ஆரம்பிச்சான்."

மணி புதுக் கேபிள் எடுத்து வைத்தார். கூடவே சின்னப் பல்சக்கரத்தையும் கழற்றிக் கையில் உருட்டிக் காட்டினார். பல் எல்லாம் மழுங்கியிருந்தது.

"இது தேஞ்சு போச்சுங்க. இந்த வண்டிக்கு உண்டானது இப்பக் கடையில கெடைக்கறதில்ல. சொல்லி வெச்சு வரவைக்கோணும். அதுவரைக்கும் வேற ஜீப்போடது ஒண்ணு இருக்குது, போட்டு உடட்டுங்களா? சரியா உக்காந்துக்கும்."

"போடுங்க."

"ஒரே ஒரு சங்கதிங்க. இதுல பல்லு ஜாஸ்தி. முள்ளு ஆடாது, அசையாது. ஆனா சோம்பேறியா ஏறும். டயரும் நீங்க பெரிசாப் போட்டிருக்கீங்க, அதுவும் சேந்துக்கும். வண்டி அறுவதுல போனா முள்ளு நாப்பதுன்னு சொல்லுமுங்க."

பட்டறையில் யாரோ தகரத்தை அடித்துக்கொண்டிருந்தார்கள். மாமா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் வெயில் அடித்தது போல ஒரு வெளிச்சம்.

"அதுவே போதுமுங்க," என்றோம் இரண்டு பேரும்.

திரும்பி வரும்போது நான் ஒரு கண்டிப்புப் போட்டேன். என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நினைப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

"முள்ளு என்ன வேணா சொல்லட்டுமுங்க மாமா. எனக்கு அடுப்படிதான் மீட்டர். இனிமே நம்ம ஊட்டுல ராத்திரிக்கு ரசந்தான் இருக்கோணும். ஒருநாள் பொரியல் வெச்சாலும் சாவியை நானே வாங்கி அவுங்ககிட்டக் குடுத்துருவேன்."

"செரி சாமி," என்றார். சொல்லிவிட்டுக் காலை ஆக்சிலேட்டரிலிருந்து கொஞ்சம் தூக்கினார்.

வெள்ளோட்டம்

அடுத்த லோடு அன்று வீட்டுக்காரர் முன் சீட்டில் ஏறினார். நான் பின்னால், முட்டை அட்டைகளுக்குப் பக்கத்தில். மாமா வண்டியை எடுத்தார்.

வீட்டுக்காரர் ரோட்டைப் பார்க்கவே இல்லை. மீட்டரை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார். முள் இருபத்தைந்தைத் தொட்டு, அதற்கு மேல் எனக்கென்ன என்று படுத்துக்கொண்டது. மாமா ஓட்டியது நல்ல நிதானம்தான். நிஜத்தில் முப்பத்தைந்து, நாற்பது இருக்கும். வேகத்தடையில் மெல்ல ஏறி மெல்ல இறங்கினார். நான் கொடுத்த கண்டிப்பு அவர் காலில் வேலை செய்தது.

பாதி வழியில் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்கப்பா, இருவத்தஞ்சுதானுங்க காட்டுது. கொஞ்சம் போலாமே."

"நீதான சாமி மெதுவாப் போகச் சொன்ன."

"நாப்பது வரைக்கும் போலாம்னேன். இப்புடிப் போனா எப்பப் போய்ச் சேர்றது?"

"பெரியவன் நான் பத்திரமாத்தான் ஓட்டுவேன்," என்றார் மாமா, பஸ்ஸை முந்தியவர்.

ஒரு முட்டைகூட உடையவில்லை. அன்று இரவு ரசம். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்துக்கொண்டு நான் பருப்பைக் கடைந்துகொண்டிருந்தபோது, வீட்டுக்காரர் கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"அப்பாவுக்கு வயசாயிருச்சு சரசு. இருவத்தஞ்சுக்கு மேல ஏத்தப் பயப்படறாரு. இந்த வேகத்துல போனா மோகனூர்க் கடைக்காரங்க வேற பண்ணையில வாங்க ஆரம்பிச்சிருவாங்க. அவரு ஊட்டுல இருக்கட்டும். நானே ஓட்டிக்கறேன்."

சாவி மறுபடியும் சட்டைப் பைக்குள் போனது.

நான் கடைந்துகொண்டிருந்த மத்து அப்படியே நின்றுவிட்டது. வேகமாக ஓட்டுகிறார் என்று சாவியைப் பிடுங்கியவர், மெதுவாக ஓட்டுகிறார் என்றும் பிடுங்கிவிட்டார். முள் பொய் சொல்கிறது என்று சொல்லலாம். சொன்னால் கேபிள், முடிச்சு, பல்சக்கரம், நான், எல்லாம் வெளியே வரும். சாப்பிட உட்கார்ந்தபோது மாமா சோற்றை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். ரசத்தை இரண்டாவது முறை கேட்கவில்லை.

மறுநாள் அவர் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். சொன்னது போலவே செய்துவிட்டார்.

பழி கோழி மேல் விழுந்தது

வீட்டுக்காரர் சட்டதிட்டமான மனிதர். நாற்பது என்றால் நாற்பதுதான். முள்ளை நாற்பதில் நிறுத்திக்கொண்டு, அதிலிருந்து இம்மியும் கூடாமல் குறையாமல் மோகனூருக்குப் போனார். முள் நாற்பது. வண்டி அறுபது. வழியில் வேகத்தடைகள் அதே இடத்தில்தான் இருந்தன.

அன்று திரும்பி வந்த அட்டைகளைப் பார்த்ததும் நான் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன். குழம்பு.

"நல்லாருக்குதே," என்று சப்புக்கொட்டிச் சாப்பிட்டார் வீட்டுக்காரர். மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். முட்டையைப் பிட்டு வாயில் போட்டு, யோசித்து, விழுங்கினார்.

"நல்லா வெரசா வெந்திருக்குது," என்றார்.

அடுத்த லோடுக்கும் குழம்பு. அதற்கடுத்த லோடுக்கும் குழம்பு. மிச்சத்தைக் காலையில் தோசையில் ஊற்றினேன். மதியம் பொரித்தேன். வீட்டுக்காரருக்குச் சலிப்புத் தட்ட ஆரம்பித்தது.

"எதுக்கு இப்புடி ஒடையுது? நான் நாப்பதைத் தாண்டவே இல்லையே."

"எனக்கென்னங்க தெரியும்," என்றேன். இது ஒரு பொய். இதற்காக நான் வருத்தப்படவில்லை.

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் மீட்டரைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். போனிலேயே வண்டி வேகம் பார்க்கலாமாமே. கோழிப்பண்ணைக்காரர் அப்படி யோசிக்க மாட்டார். முட்டை உடைந்தால் அவருக்கு முதலில் ஞாபகம் வருவது கோழி. பட்டறையில் இப்போதுதான் சரி பண்ணிய முள் எப்படித் தப்பாகும்? ஆகவே தப்பு ஓட்டில் இருக்கிறது. ஓடு மெலிந்துவிட்டது. தீவனத்தில் சுண்ணாம்புச் சத்துப் போதவில்லை.

தீவனம் அனுப்புகிறவரைப் போனில் பிடித்து அரைமணி நேரம் வறுத்தெடுத்தார். அந்த மனிதர் பாவம், "அண்ணா, மத்த பண்ணையில ஒரு கம்ப்ளெய்ன்டும் இல்லீங்கண்ணா," என்று கெஞ்சியது எனக்கே கேட்டது. அடுத்த நாள் கிளிஞ்சல் தூள் மூட்டை வந்து இறங்கியது. கோழிகளுக்கு வேளாவேளைக்குக் கிளிஞ்சல்.

கொஞ்ச நாளில் ஓடு கெட்டியாகிவிட்டது. எவ்வளவு கெட்டி என்றால், ஆம்லெட் போட நான் ஒரு முட்டையைக் கிண்ண விளிம்பில் தட்டினேன், அது உடையவில்லை. இன்னொரு முறை ஓங்கித் தட்டியதில் கிண்ணம் கீழே விழுந்தது. அப்படிப்பட்ட முட்டையையும் வீட்டுக்காரர் முள்ளை நாற்பதில் வைத்து உடைத்துக்கொண்டு வந்தார்.

கைராசி

ஒரு வியாழக்கிழமை. மறுபடியும் குழம்பு. வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், சாப்பிடாமல் பிசைந்துகொண்டே இருந்தார்.

"ஏனுங்கப்பா," என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "அன்னிக்கு நீங்க ஓட்டுனப்ப ஒண்ணுகூட ஒடையலீங்களே."

"ஒடையலை சாமி."

"அதே கோழி. அதே ஜீப்பு. ரோடும் அதேதான். முள்ளும் நாப்பதைத் தாண்டல."

"ஆமா சாமி."

நான் குழம்புக் கரண்டியோடு நின்றேன். இதோ கண்டுபிடித்துவிட்டார், அவ்வளவுதான் என்று நினைத்தேன். மாமாவின் கையில் இருந்த முட்டைத்துண்டு வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டார்.

"எல்லாத்துக்கும் ஒரு கைராசி வேணுமுங்கப்பா. எங் கைக்கு முட்டை தங்க மாட்டேங்குது. நாளைக்கு வெள்ளிக்கெழமை. நீங்களே சாவியை வாங்கிக்கங்க."

எனக்குச் சமையலறைக்குள் ஏதோ அவசர வேலை வந்துவிட்டது. உள்ளே போய் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தேன். கடைசியில் வந்த தண்ணீர் சிரிப்பால் வந்தது மட்டும் இல்லை.

மறுநாள் காலையில் அவர் முறைப்படி செய்தார். ஜீப்புக்குக் கற்பூரம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, சாவியை வெற்றிலையில் வைத்து அப்பாவிடம் நீட்டினார். மாமா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். புது மாப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டார். டார்ச்சை மறந்துவிட்டு, பிறகு வந்து எடுத்துக்கொண்டு போனார்.

பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட்டார். நான் ஓடிப்போய் ஜமுக்காளத்தை விலக்கிப் பார்த்தேன். தனியாகத் திரும்பி வருகிற அட்டை காலியாக இருந்தது.

"காவேரியில தண்ணி நல்லாப் போகுது அம்முணி," என்றார் இறங்கிக்கொண்டே. "ராத்திரிக்கு என்ன?"

"ரசமுங்க மாமா."

"அப்பாடா," என்றார்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் பெரும்பாலும் ரசம்தான். "என்ன சரசு, முட்டையே கண்ணுல காட்ட மாட்டேங்கற," என்று வீட்டுக்காரர் குறைப்படுகிறார். பண்ணை வைத்திருந்தும் அவருக்கு நல்ல முட்டையை எடுத்து உடைக்க மனசு வராது. கிளிஞ்சல் மட்டும் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. மோகனூர்க் கடைக்காரர்கள் எங்கள் முட்டை ஓட்டைப் பாராட்டுகிறார்களாம்.

மீட்டர் மணி போன வாரம் கூப்பிட்டார். எங்கள் வண்டிக்கு உண்டான பல்சக்கரம் வந்துவிட்டதாம். மாமாவைப் பார்த்தேன். அவர் மறுபடியும் எங்கோ எதையோ படிக்க ஆரம்பித்துவிட்டார். "இருக்கட்டுமுங்க, பொறவு வாரோம்," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இதையெல்லாம் எழுதியாயிற்றே, வீட்டுக்காரர் படித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குக் கவலையாக இருக்கலாம். அதற்கு ஏற்பாடு செய்தாகிவிட்டது. பத்திரிகை வருகிற அன்று விடிந்ததும் மாமா பஸ் நிறுத்தத்துக் கடைக்குப் போய், வந்த பிரதிகள் அத்தனையும் வாங்கி, ஜீப்பில் போட்டுக்கொண்டு மோகனூருக்குப் போய்விடுவார். வீட்டுக்காரர் பல் விளக்குவதற்குள் போய்விட வேண்டும் என்பதால் கொஞ்சம் சீக்கிரம் போக வேண்டியிருக்கும் என்றார். எவ்வளவு சீக்கிரம் என்று கேட்டேன். முள் நாற்பதைத் தாண்டாது என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார்.

அதனால் பத்திரிகைக் கட்டோடு நாலு அட்டை முட்டையையும் ஏற்றி அனுப்பலாம் என்று இருக்கிறேன்.